தம்பியின் காருக்கு என் மூச்சு

கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர்கள் ஒருவரின் முகத்தைப் பார்க்கும் முன் மூக்கைப் பார்த்துவிடுவார்கள். உங்கள் கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருக்கிறது, சார். பேசுகிற நேரம் முழுக்க அதை விரலால் மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறீர்கள். மூக்கில் உட்காரும் அந்தச் சின்ன ரப்பரைக் கொஞ்சம் உள்ளே வளைத்தால் போதும். குறடு கையில் இருந்தால் இப்போதே செய்து தந்திருப்பேன். தலைவலி என்று மாத்திரை போடுகிற பலருக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இருக்காது. கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டது ஒரே ஒரு கேள்விக்காக. அன்று மத்தியானம் காரில் இருந்த பெட்டிக்குள் ஊதியது யார்? என் தம்பி குடித்திருந்தான். குடித்தவன் ஊதினால் அந்தக் கார் கிளம்பாது. ஆனால் கிளம்பியிருக்கிறது. அப்படியென்றால் குடிக்காத ஒருவரின் மூச்சு அதற்குள் போயிருக்க வேண்டும். நீங்கள் யோசித்தது சரிதான். ஊதியது நான்.

அடுத்தவருக்காக ஊதுவது தனிக் குற்றம், ஆனால் அதற்குப் பெரிய தண்டனை கிடையாது என்று வக்கீல் சொன்னார். "தம்பி கெஞ்சினான், மனசு கேக்கலைன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கோங்கம்மா" என்றார். நல்ல மனிதர். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்ததில் ஒரு பொய் இருக்கிறது. தம்பி கெஞ்சவில்லை. அந்தப் பொய்யை அப்படியே விட்டால் முழுப் பழியும் அவன் தலையில் விழும். அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன். நடுவில் கேள்வி கேட்காமல் இருந்தால் நல்லது. கோர்வை விட்டுப் போய்விடும்.

எங்கள் கடைக்கு ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க வருபவர்கள் கண் பரிசோதனைக்காக வருவார்கள். நான்தான் அவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வேன். ஒருமுறை ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். நான் பலகையின் விளக்கைப் போடுவதற்கு முன்னாலேயே கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்தார். சான்றிதழ் கொடுத்து அனுப்பினேன். எழுத்தைச் சரியாகச் சொன்னாரா என்றுதான் சட்டம் கேட்கிறது. பார்த்துச் சொன்னாரா, மனப்பாடமாகச் சொன்னாரா என்று கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?

தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். அம்மா போனபோது அவனுக்குப் பால் பல் விழ ஆரம்பித்திருந்தது. அப்பா இருந்தும் இல்லாதவர். நான்தான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தேன் என்று சொன்னால் தியாகி வேஷம் போடுவதாக நினைப்பீர்கள். அப்படியில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் "அக்கா" என்று ஒரு குரல் கொடுப்பான். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எனக்கும் கல்யாணத்துக்கு இடம் வந்தது. வந்தவர்களெல்லாம் "தம்பியை என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்டார்கள், வீடு காலி செய்கிறவர்களிடம் பழைய அலமாரியைப் பற்றிக் கேட்கிற மாதிரி. நான் அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அவன் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனான். கெட்டிக்காரன். அந்த வேலையில்தான் குடியும் வந்தது. குடித்தால் சிலர் கத்துவார்கள், சிலர் அழுவார்கள். இவனுக்கு மரியாதை கூடிவிடும். பேச்சு குறைந்து, நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வான். நடையில் தள்ளாட்டம் இருக்காது. தெரியாதவர்கள் பார்த்தால் கோவிலிலிருந்து வருகிறான் என்றுதான் நினைப்பார்கள். எனக்கு மட்டும் தெரியும். கண்ணைப் பார்த்தால் போதும், கறுப்பு மணி வெளிச்சத்துக்குச் சுருங்க நேரம் எடுக்கும்.

முதல்முறை அவனைப் போலீஸ் நிறுத்தியபோது நானும் காரில் இருந்தேன். சாலையை மறித்து எல்லோரையும் ஊதச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் ஊதினான். அந்தப் போலீஸ்காரர் எண்ணைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், திரும்பவும் எண்ணைப் பார்த்தார்.

"மயிரிழையில தப்பிச்சீங்க சார். பாத்துப் போங்க," என்றார்.

அவ்வளவுதான். வண்டியை விட்டுவிட்டார்கள். அன்றைக்கு நான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். குடித்துவிட்டு ஓட்டாதே என்று சட்டம் சொல்லவில்லை. இந்த அளவுக்கு மேல் போகாதே என்றுதான் சொல்கிறது. பிறகு அதைப் பற்றி நிறையப் படித்தேன். சொந்தக் கார் ஓட்டுகிறவனுக்கு ஓர் அளவு, பயணிகளை ஏற்றுகிறவனுக்கு அதைவிடக் குறைந்த அளவு, புதிதாக உரிமம் வாங்கியவன் வாயிலேயே வைக்கக் கூடாது. ஒரு நாட்டில் குற்றவாளி, எல்லையைத் தாண்டிப் பக்கத்து நாட்டுக்குள் நுழைந்தால் அதே மூச்சோடு அவன் பெரிய மனிதன். மனிதர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடிவு செய்த கோடுதானே. அந்தக் கோட்டுக்குக் கீழே அவனை வைத்திருப்பது என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். எப்போது சாப்பிட வைக்க வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வைக்க வேண்டும், எந்தக் கோப்பையோடு நிறுத்த வேண்டும் என்று எனக்கு அத்துப்படி. அவன் நண்பர்கள் என்னை "சின்னவனோட மீட்டர்" என்று கூப்பிடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனது. அவன் மனைவியைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். இப்போது சொல்வது முறையும் இல்லை. பார்சல்களைப் பிரித்து அனுப்பும் நிலையத்தில் வேலை. கைவேகம் ஜாஸ்தி, வாய்வேகமும் அப்படித்தான். என்னை அண்ணி என்று கூப்பிடுவாள். வந்த புதிதிலேயே என்னிடம் நேராகக் கேட்டுவிட்டாள்.

"அண்ணி, நீங்க அவரை அளந்து குடிக்க வைக்கிறீங்க. குடிக்காம இருன்னு ஒரு தடவையாவது சொல்லியிருக்கீங்களா?"

நான் சிரித்துக்கொண்டே, "சட்டமே ஒத்துக்குற அளவும்மா," என்றேன்.

"சட்டம் அவரோட குடும்பம் நடத்தல," என்றாள்.

அவள் அவனுக்கு எதையும் அளக்கவில்லை. சண்டை போட்டாள். அவன் அவளுக்குத் தெரியாமல் குடித்தான். அளக்க ஆள் இல்லாமல் குடித்தால் என்ன ஆகும்? ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வருகிற வழியில், நின்றுகொண்டிருந்த வேனின் பின்புறத்தில் மோதினான். யாருக்கும் அடி இல்லை. ஆனால் எண் கோட்டுக்கு மேலே எங்கேயோ நின்றது. உரிமத்தை முடக்கினார்கள். திரும்பக் கிடைத்தபோது நீதிமன்றம் ஒரு நிபந்தனை வைத்தது: காரில் பெட்டி பொருத்த வேண்டும்.

பொருத்திக் கொடுத்தவர் வாயாடி மெக்கானிக். முன் இருக்கைகளுக்கு நடுவில் ஒரு சுருள் கம்பி, அதன் முனையில் கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி, அதில் ஒரு குழாய். சாவியைத் திருப்பியதும் ஊத வேண்டும். பச்சை வந்தால் வண்டி கிளம்பும், சிவப்பு வந்தால் கிளம்பாது.

"அதோட முடியல," என்றார் அவர். "ஓடிட்டிருக்கும்போது திடீர்னு கேக்கும். அப்பவும் ஊதணும். ஊதலைன்னா ஹாரன் தானா அலற ஆரம்பிச்சுரும், விளக்கெல்லாம் மின்னும். வண்டிய நிறுத்தி அணைக்கிற வரைக்கும் ஓயாது. ஊரே திரும்பிப் பாக்கும்."

"வேற யாராவது ஊதினா?" என்று நான் கேட்டேன்.

"பெட்டிக்கு ஆள் தெரியாதும்மா. மூச்சுதான் தெரியும். ஆனா மாட்டினா ஊதினவங்களையும் சேத்துத் தூக்குவாங்க." பிறகு தம்பியைப் பார்த்து, "இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கிற மருந்து எதுவும் குடிச்ச கையோட ஊதாதீங்க. அதுல சாராயம் இருக்கும். பெட்டி குழம்பிரும். வாயைத் தண்ணியில கழுவிட்டு, கொஞ்சம் பொறுத்து ஊதுங்க," என்றார்.

அவன் மனைவி அப்போது ஒரு தொலைபேசி அழைப்புக்காக உள்ளே போயிருந்தாள். மெக்கானிக் சொன்னதைக் கேட்டது நானும் தம்பியும்தான். அவன் எதையும் காதில் வாங்குகிற நிலையில் இல்லை.

அந்தப் பெட்டிக்கு அவன் மாமியார் என்று பெயர் வைத்தான். வாயை மோந்து பார்த்துவிட்டுத்தானே வெளியே விடுகிறது. முதலில் மனைவியிடம்தான் ஊதச் சொல்லிக் கேட்டிருக்கிறான். அவள் மறுத்துவிட்டாள். "நான் ஊதினா நீ ஓட்டுவ. நீ ஓட்டினா யாரையாவது ஏத்துவ. என்னால முடியாது" என்று சொன்னாளாம். பிறகு என்னிடம் வந்து நின்றான்.

"அக்கா, மாமியாரைக் கொஞ்சம் சமாதானப்படுத்தேன்."

நான் ஊதினேன். பச்சை வந்தது. உங்களிடம் ஒளிப்பானேன், சார், அந்தச் சின்னப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நடுவழியில் பெட்டி கேட்கும் என்பதால் நான் கூடவே போக வேண்டியிருந்தது. காலையில் அவனை வேலைக்குக் கொண்டுபோய் விட்டு, பஸ் பிடித்துக் கடைக்கு வருவேன். சாயங்காலம் திரும்பவும் பஸ் பிடித்து அவன் வேலை செய்கிற இடத்துக்குப் போய் ஊதுவேன். ஊதுகிறவள் முன்னால் உட்கார வேண்டும் அல்லவா? அதனால் அவன் மனைவி பின் இருக்கைக்குப் போனாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. கம்பியின் நீளம் அவ்வளவுதான். போகிற வழியெல்லாம் நானும் அவனும் பழைய கதை பேசிச் சிரிப்போம். கண்ணாடியில் அவள் முகம் தெரியும், ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். என் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பிறகு அவள் கர்ப்பமானாள்.

அவன் ஒரே நாளில் மாறவில்லை. ஆனால் மாறினான். குடியை விடுகிறவர்கள் கூடிப் பேசும் இடம் ஒன்றுக்குப் போக ஆரம்பித்தான். முதலில் கை நடுங்கியது, தூக்கம் போனது, என்மேல் எரிந்து விழுந்தான். அவள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் சாயங்காலம் அவனே கடை வாசலுக்கு ஓட்டிவந்து, இன்ஜினை அணைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கையைக் காட்டினான், பொறு என்கிற மாதிரி. அவனே குழாயை வாயில் வைத்து ஊதினான். பச்சை வந்தது. சின்ன வயதில் சைக்கிளில் கையை விட்டுவிட்டு ஓட்டிக்காட்டிச் சிரிப்பானே, அப்படிச் சிரித்தான். நானும் கைதட்டினேன். அவன் மனைவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. பின் இருக்கையில் காலை நீட்ட முடியவில்லை என்றாள். நியாயம்தானே. நான் பின்னால் ஏறிக்கொண்டேன். கொஞ்ச நாளில் பின்னாலும் ஏறவில்லை. பஸ்ஸில் போனேன்.

பெட்டியை எடுத்துவிடும் காலம் நெருங்கியது. அந்த நேரத்தில் அவளுக்கு வேறு ஊரில் பதவி உயர்வு வந்தது. ரயிலில் போனால் ஒரு பகல் பிடிக்கும் தூரம். பெட்டி போனதும், குழந்தை பிறந்ததும் கிளம்புவதாகச் சொன்னார்கள். அவன்தான் சொன்னான், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டு.

"நீயும் அப்பப்ப வந்து போக்கா," என்றான்.

அப்பப்ப. அந்த வார்த்தையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று ஏனோ அப்போது தோன்றியது. "அதுக்கென்ன, வர்றேன்" என்றேன். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

அந்த வாரம் அவனுக்குச் சளி பிடித்து இருமினான். நான் மருந்துக் கடையில் ஒரு மருந்து வாங்கிக் கொடுத்தேன். மறதி பிடித்தவன், நான் நின்று கொடுத்தால்தான் குடிப்பான். என் வீட்டு வாசலில், அவன் காரில் ஏறுவதற்கு முன்னால், மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். ஊதினான். சிவப்பு வந்தது. அவன் முகம் வெளிறிப்போனது. முதல் நாள் நான் தெரிந்தேதான் கொடுத்தேனா என்று கேட்டால் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அடுத்தடுத்து கொடுத்த நாள்களைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல முடியும்.

பெட்டி எல்லாவற்றையும் பதிந்து அனுப்பிவிடும் அல்லவா? நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. கெடு நீட்டிக்கப்பட்டது. அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவன் மனைவி அவனை நம்பவில்லை. எப்படி நம்புவாள்? எத்தனை முறை சத்தியம் செய்திருக்கிறான். "மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்," என்றாளாம். குழந்தை பிறக்கும் வரை தன் அம்மா வீட்டில் இருப்பதாகச் சொல்லித் துணிமணிகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவன் நேராக என்னிடம் வந்தான். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு என்னை அண்ணாந்து பார்த்தான்.

"நீயாவது நம்புறியாக்கா? நான் தொடலக்கா. சத்தியமா ஒரு சொட்டு தொடல."

"நம்புறேன்டா," என்றேன். "எனக்குத் தெரியாதா."

அது உண்மை. இந்த உலகத்தில் அவனை முழுசாக நம்பியது நான் ஒருத்திதான். ஏனென்றால் அவன் குடிக்கவில்லை என்பது எனக்குத்தானே நிச்சயமாகத் தெரியும்.

மாடி அறையை ஒழித்துக் கொடுத்தேன். சாப்பிட மாட்டான், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். குடிக்காமலே குடிகாரன் என்று பெயர் வாங்கியாயிற்று, பிறகு எதற்கு இந்தப் பாடு என்று ஒருநாள் அவனாகவே சொன்னான். நான் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் ஒரு பாட்டில் வாங்கிவந்தேன். அதிகம் வாடை அடிக்காத வகை. அவன் அதைத் தொடாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "வேணாம்க்கா" என்றான். "தூக்கத்துக்குத்தான், கொஞ்சமா" என்று நானே ஊற்றிக் கொடுத்தேன். பழையபடி அளந்துதான் ஊற்றினேன். அவன் குடித்துவிட்டு அழுதான். நான் அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். நன்றாகத் தூங்கினான். அதன் பிறகு அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

அன்று எனக்கு விடுமுறை. அவன் காலையிலிருந்தே குடித்துக்கொண்டிருந்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கதவைத் திறந்தால் அவன் மனைவி நிற்கிறாள். பஸ்ஸில் வந்திருக்கிறாள், வெயிலில் முகமெல்லாம் சிவந்து, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு.

"அண்ணி, அவரு எங்க?" என்றாள். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். வழியில் அந்த மெக்கானிக்கைப் பார்த்தாளாம். பேச்சுவாக்கில் இருமல் மருந்து விஷயத்தை அவர் சொல்லியிருக்கிறார். "அவரு இருமிட்டே இருந்தாரே அண்ணி. நான்தான் மடச்சி. ஒரு வார்த்தை விசாரிக்காம மனுஷனைக் கொன்னுட்டேன். மெக்கானிக் வந்து கோர்ட்ல எழுதிக் குடுக்கறேன்னு சொல்லிட்டாரு. நான் அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

மருந்தை வாங்கிக் கொடுத்தது யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"முதல்ல முகம் கழுவிட்டு வாம்மா. இப்படியேவா அவன் முன்னால போய் நிப்ப?" என்று குளியலறையைக் காட்டிவிட்டு மாடிக்குப் போனேன்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மரியாதையாக. நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகத்தில் வந்த மகிழ்ச்சியை என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த நொடியே அது பயமாக மாறியது.

"அக்கா, நான் குடிச்சிருக்கேனே. இப்ப எப்படிக்கா? டாக்ஸி கூப்பிடு. நான் ஓட்டல."

இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும், சார். ஓட்ட மாட்டேன் என்று அவன் சொன்னான்.

"காரை இங்க விட்டுட்டு டாக்ஸின்னா ஏன்னு கேப்பா. கேட்டா என்ன சொல்லுவ? இத்தனை நாள் பொய் சொல்லல, இன்னைக்கு மட்டும் குடிச்சேன்னா? பக்கத்துலதானே வீடு. பேசாம ஓட்டிட்டுப் போய் படுத்துரு. நான் ஊதித் தர்றேன்."

"நடுவுல கேக்குமே."

"நானும் வர்றேன்டா."

அவன் சின்ன வயதிலிருந்தே நான் சொன்னதைத் தட்டியதில்லை. வாயைக் கொப்பளிக்க வைத்து, சட்டை மாற்றிக் கீழே கூட்டிவந்தேன். அவள் இன்னும் குளியலறையில்தான் இருந்தாள். நான் போய்க் காரில் உட்கார்ந்து ஊதினேன். பச்சை வந்தது. இன்ஜினை ஓடவிட்டு, அவனை ஓட்டுகிற இடத்தில் உட்கார வைத்தேன்.

அவள் வந்து அவன் பக்கம் குனிந்தாள். அவன் ஒன்றும் பேசவில்லை, நேரே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாக இருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அவள் மூக்கு சும்மா இருக்கவில்லை. என்னைத் தனியாக இழுத்தாள்.

"ஏதோ வாசனை வருதே அண்ணி?"

"இருமல் மருந்து," என்றேன். "இப்பதான் குடிச்சான். வாயைக் கழுவிட்டு ஊதினான், பச்சை வந்துதான் வண்டி ஓடுது, பாரு. இதுக்கு மன்னிப்புக் கேக்கத்தானே வந்த? வந்த கையோட திரும்பவும் ஆரம்பிக்காதம்மா."

அவள் முகம் சுருங்கிப்போனது. "தப்புதான் அண்ணி," என்றாள். அதற்குப் பிறகு அவள் மூச்சுக் காட்டவில்லை.

நான் முன் கதவைத் திறந்து அவளை உட்கார வைத்தேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "நீ வரல?" என்றான். "புருஷன் பொண்டாட்டி பேசிக்க ஆயிரம் இருக்கும், நடுவுல நான் எதுக்கு?" என்றேன். அவள் நன்றியோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் பார்வையை எடுக்கவில்லை. பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவள் முன்னால் அவனால் ஒன்றும் கேட்க முடியவில்லை. நான் கதவைச் சாத்தினேன்.

அவர்கள் தெரு முனை திரும்பியதும் நான் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஹாரன் சத்தம் கேட்டது. விட்டு விட்டு அல்ல, ஒரே மூச்சாக. அவசரமாக யாரையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்து எல்லா வண்டிகளும் வழிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். வழி கிடைக்கக் கிடைக்க அவன் வேகமாகப் போயிருக்கிறான். நிறுத்தியிருந்தால் ஓய்ந்திருக்கும். நிறுத்தினால் அவளுக்குத் தெரிந்துவிடுமே. எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து, "என்ன சத்தம்?" என்று என்னிடம் கேட்டார். "யார் வண்டியோ," என்றேன். ரயில் பாலத்துக்குக் கீழே இருக்கிற திருப்பத்தின் பக்கம் போய், அந்தச் சத்தம் நின்றது. நான் உள்ளே வந்து மீதிப் பாத்திரங்களைக் கழுவினேன்.

பாலத்தின் தூணில் மோதியது அவள் உட்கார்ந்திருந்த பக்கம். அவளும் பிழைக்கவில்லை, குழந்தையும் பிழைக்கவில்லை. அது உங்களுக்குத் தெரியும்.

நான் கொல்ல நினைத்தேனா என்றுதானே இப்போது கேட்கப் போகிறீர்கள்? ஹாரன் அலறும், போலீஸ் நிறுத்துவார்கள், அவன் உரிமம் ஒரேயடியாகப் போகும், அவள் அவனை விட்டுவிட்டுத் தனியாக அந்த ஊருக்குப் போவாள் என்றுதான் நினைத்தேன். நேற்று வரைக்கும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பெரும்பாலும் உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

கதவைச் சாத்துவதற்கு முன்னால் அவள் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். "வயித்தை அழுத்துது அண்ணி," என்றாள். வயிற்றுக்குக் கீழே தழையப் போட்டால் அழுத்தாது. அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், ஆனால் களைத்திருந்தாள். "பக்கத்துலதானே போறீங்க, விடு," என்று அதை அவள் கையிலிருந்து வாங்கி நான்தான் மேலே விட்டேன். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். ஜன்னல் வழியாகக் கையை விட்டு, தம்பியின் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். சரியாக விழுந்ததா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தேன்.

இவ்வளவுதான், சார். எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஓட்ட மாட்டேன் என்று அவன் சொன்னதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதைப் பார்த்தால் நீதிபதி அவனுக்குக் குறைத்துத்தான் கொடுப்பார். அவன் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். இனி மாடி ஏற முடியாது. கீழ் அறையைக் கழுவித் துடைத்து, கட்டிலை ஜன்னலோரமாகப் போட்டு வைத்திருக்கிறேன். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னை உள்ளே விட வேண்டாம் என்று அவனே சொன்னதாக நர்ஸ் சொன்னாள். மருந்து மயக்கம், அப்படித்தான் பேசுவான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் என்னை இங்கே அதிக நாள் வைத்திருக்காதீர்கள். அவனை வீட்டுக்கு அனுப்பும்போது கூட்டிவர யாராவது வேண்டுமே. பாவம், இப்போது அவனுக்கு என்னை விட்டால் வேறு யாரும் இல்லை.